ஏறெடுத்துப் பார்க்காதவன்

ஃபாக்டரிகள் சூழ்ந்த எல்லையோர மத்திகிரிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. நம்மூரில் எதிரே வருகிறவர் "சாப்ட்டாச்சா?" என்பார். இங்கே "எந்த ஷிஃப்ட்டுங்க?" என்கிறார்கள். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே கேள்விதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எண்பதுகளில் கோவில்பட்டியிலிருந்து லேத் ஆபரேட்டராக வந்தேன். ஆறு மாதம் ப்ரொபேஷன். வேலை நிரந்தரமானால்தான் ராணியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொள்ள முடியும். ஐந்தாவது மாதம் மானேஜர் விருந்தாளிகளோடு வந்து என் பின்னால் நின்று ஏதோ கேட்டார். இரும்பில் கடைசி வெட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பாமல், பொறுங்கள் என்று இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். நான் தொழில் படித்தது ஊரில் அண்ணன் பட்டறையில். மெஷின் சுற்றும்போது தலையைத் திருப்பினால் அண்ணன் பிடரியிலேயே ஒன்று போடுவார். கலெக்டரே வந்தாலும் கண் வேலையில்தான் இருக்கணும் என்பார்.

மறுநாள் மெமோ வந்தது. அதில் எனக்குப் புரியாத ஒரு வார்த்தை: இன்ஸலன்ட். பக்கத்துப் போர்ஷன் சரோஜா டீச்சரிடம் ஓடினேன். பாகலூர்க்காரர், வீட்டில் பேசுவது தெலுங்கு. டிக்‌ஷனரியைப் புரட்டினார்.

"திமிர் புடிச்சவன்னு போட்டிருக்குதுங்க."

"திமிரா? எனக்கா டீச்சர்?"

"இருங்க, வார்த்தையைப் பிரிச்சும் போட்டிருக்காங்க. லத்தீனுங்க. முன்னால இருக்கிற 'இன்'னுக்கு இல்லைன்னு அர்த்தம். மீதிக்குப் பழக்கம். ஆதியில பழக்கமில்லாதவன், அவ்வளவுதானுங்க."

அதுதானே உண்மை! அவர் பழக்கம் எனக்கில்லை, என் பட்டறைப் பழக்கம் அவருக்கில்லை. "அதையே பதிலா எழுதிக் குடுங்க டீச்சர்" என்றேன்.

"எழுதலாங்க. அப்புறம் பொட்டியக் கட்டிட்டு ஊருக்குப் பஸ் ஏறலாம். பேசாம மன்னிப்புக் கேளுங்க, வூட்டுக்காரம்மா வந்து சேரட்டும்."

கேட்டேன். ராணி வந்தாள். அன்றிலிருந்து யார் வந்து நின்றாலும் கையிலிருப்பதை விட்டுத் திரும்பி "குட்மார்னிங் சார்" சொல்லிவிடுவேன். அதில், மெஷினில் ஓடிக்கொண்டிருந்த சில ஜாப் கெட்டும் போயிருக்கிறது. அதற்கெல்லாம் யாரும் மெமோ கொடுத்ததில்லை.

இப்போது நானே சூப்பர்வைசர். போன பொங்கலுக்கு, மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்து, பஸ்ஸை விட்டிறங்கிப் பையும் கையுமாக நேரே பட்டறைக்குப் போனேன். அண்ணன் லேத்தில் குனிந்திருந்தார்.

"அண்ணே" என்றேன்.

திரும்பவில்லை. இடது கை மட்டும் மேலே எழுந்தது.

சுர்ரென்று ஏறியது எனக்கு. இத்தனை தூரம் வந்து நிற்கிறேன், ஏறெடுத்துப் பார்த்தால் என்னவாம், என்ன திமிர்! நினைத்த மாத்திரத்தில் கூசிப்போனேன். வெட்டு முடிகிற வரை வாசலைவிட்டு அசையவில்லை.

மெஷினை நிறுத்திவிட்டு அண்ணன் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னல, வெளியாளு மாதிரி வாசல்லயே நிக்க?"