காலுக்கு வைத்த குங்குமம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. நான் தாதியாக, எங்கள் பக்கத்துப் பேச்சில் மிஸ்ஸியாக, வேலை செய்யும் ஆஸ்பத்திரி எங்கள் தீவுப்பகுதியில்தான் இருக்கிறது. பெயர் வேண்டாம். சின்ன இடம், யார் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்த நேரம் வழமையான வேலையோடு இன்னொரு பொறுப்பும் எனக்குத் தந்திருந்தார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போகாமல் பார்த்துக்கொள்வது. நடைமுறையில் சொன்னால், யார் கை கழுவுகிறார்கள், யார் கழுவவில்லை என்று பார்த்துத் தாளில் சரி போடுவது. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது எனக்குக் கூடப்பிறந்த குணம். அதையே வேலையாகத் தந்தால் விடுவேனா? வைத்தியரே நோயாளியைத் தொடுமுன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு சி.ஐ.டி. என்று பட்டம் வைத்திருந்ததும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அப்போது ஆண்கள் வார்டில் ஒரு பஸ் சாரதி இருந்தார். புங்குடுதீவுக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் படகுத்துறைக்குப் பஸ் ஓடுகிறவர். நீரிழிவுக்காரர். இடது காலின் சின்ன விரலடியில் செருப்புக் கடித்த புண், ஆறுவதும் திரும்பச் சீழ் வைப்பதுமாக இருந்தது. இன்னும் ஒரு கிழமை பார்ப்போம், சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி வெட்டத்தான் வேண்டும், விரலோடு நிற்குமோ பாதம் வரை போகுமோ தெரியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இடது கால்தான் கிளச் மிதிக்கிற கால். மனிதர் நாள் முழுக்கப் பகிடி விடுவார், காலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

எனக்கு அந்தப் புண் பெரிய புதிராகிவிட்டது. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருந்து நேரத்துக்குப் போகிறது. பெரும்பாலும் நான்தான் மருந்து கட்டுகிறேன், கை கழுவாமல் அவரைத் தொட்டதே இல்லை. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தக் கிருமி? கட்டில் விரிப்பா, அவர் உடுக்கும் சாரமா, வீட்டிலிருந்து வரும் துவாயா? ஒவ்வொன்றாகச் சந்தேகித்தேன். துவாயை அவித்துத் தோய்க்கச் சொன்னேன். வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்காவின் பின்னால் இரண்டு நாள் திரிந்தேன். "என்னம்மா, நான் ஏதும் களவெடுத்தனானே?" என்று அவர் கேட்டேவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, சாரதியின் மனைவி நயினாதீவுக் கோயிலுக்குப் போய்விட்டுப் படகால் இறங்கி நேரே வார்டுக்கு வந்தார். கணவருக்குத் திருநீறு பூசிவிட்டு, என்னிடம் குங்குமப் பொட்டலத்தை நீட்டினார். "எடுங்கோ மிஸ்ஸி. உங்கட கையாலதான் இவருக்குச் சுகம் வரவேணும்."

விரல்நுனியால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டேன். பிறகு குழாயடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்றும் விடாமல் கழுவினேன். கையை உதறிக் காயவிட்டு, பெட்டியிலிருந்து கையுறை எடுத்துப் போட்டு, பழைய கட்டை அவிழ்த்துப் புண்ணைத் துடைத்துப் புதுத் துணி வைத்தேன்.

வெள்ளைத் துணியின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. ரத்தம் கசிகிறதாக்கும் என்று குனிந்தேன். சாரதி தலையணையிலிருந்து எம்பிப் பார்த்தார்.

"அது ரத்தமில்லை மிஸ்ஸி. என்ர காலுக்கும் பொட்டு வைச்சிட்டியள்."

அவர் சிரித்தார். மனைவியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையுறையின் விரல்நுனியிலும் சிவப்பு. கையுறைப் பெட்டியின் வாயிலும் சிவப்பு. அன்றைக்கு அந்தப் புண்ணுக்குக் கிட்ட வந்த கை என்னுடையது மட்டும்தான்.

கையில் ஸ்பிரிட் தேய்த்து, புதுப் பெட்டி உடைத்து வேறு கையுறை போட்டு, புதுத் துணியால் கட்டி முடித்தேன். அதன்பின் ஒரு வேலையும் ஓடவில்லை. இவ்வளவு கழுவியும் எப்படி மிஞ்சியது? வந்த வழியே திரும்பிப் போனேன். குழாயடியில் விடை இருந்தது. குழாயின் திருகு பிடியில் ஈரக் குங்குமம் அப்பியிருந்தது. குங்குமக் கையால் திறந்த குழாயை, கழுவிய கையால் பூட்டியிருக்கிறேன்.

ஏன் என்று யோசிக்கவே தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பாதி உவர். நல்ல தண்ணீர் பவுசர் வண்டியில் வந்தால்தான் உண்டு. குழாய் ஒரு சொட்டு ஒழுகினாலும் ஏச்சு விழும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். கையை நனைத்ததும் பூட்டுவோம். சவர்க்காரம் போட்டபின் திறப்போம். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பூட்டுவோம். அந்தப் பிடியில் அன்றைக்குக் குங்குமம் இருந்தது, மற்ற நாட்களில் என்ன இருந்ததோ! என் தாளில் 'கழுவினார்' என்பதற்குத்தான் கட்டம் இருந்தது. குழாய்க்குக் கை போகுமுன் நான் சரி போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போயிருப்பேன்.

அடுத்த நாள் கடையில் ஒரு குங்குமப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். எல்லோருடைய விரலிலும் பூசி, வழமைபோலக் கழுவிவிட்டு வாருங்கள் என்றேன். வைத்தியர் உட்பட எல்லோரும் அருமையாகக் கழுவினார்கள், அருமையாகப் பூட்டினார்கள், சிவந்த விரலோடு வந்து நின்றார்கள்.

"அதுக்காகத் தண்ணியைத் திறந்து விட்டிட்டுப் போகச் சொல்லுறியளோ? பாவமெல்லோ!" என்றார் கூட்டித் துடைக்கும் அக்கா. வழியையும் அவரே சொன்னார். ஒருவர் கழுவும்போது மற்றவர் பூட்டிவிடுவது. தனியே நின்றால் கடதாசித் துண்டால் பிடித்துப் பூட்டுவது. முழங்கையால் தட்டிப் பூட்டும் குழாய் வந்து சேரும்வரை எங்கள் ஆஸ்பத்திரி அப்படித்தான் ஓடியது. வைத்தியர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "அக்கா, ஒருக்காப் பூட்டிவிடுங்கோ" என்று கூப்பிடுவது எங்களுக்குப் பழகிப்போனது.

இதையெல்லாம் விடக் கஷ்டமான வேலை ஒன்று எனக்கு மிச்சமிருந்தது. சாரதியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் போர்வையை விலக்கிக் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"அப்ப என்ர கால் உங்களாலயோ?"

"தெரியாது அண்ணை. இருக்கலாம்."

அவர் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏசவில்லை. மறுநாள் மருந்து கட்டப் போனபோது, காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கேட்டார். "கழுவினது சரி. பைப்பை ஆர் பூட்டினது?"

அதற்குப்பிறகு அந்த வார்டுக்குள் வந்த ஒருவரையும் அவர் விடவில்லை. என் தாளை விட அவருடைய கேள்விக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அந்தக் கிழமை புதிதாகச் சீழ் வைக்கவில்லை. ஆனாலும் விரல் ஏற்கெனவே கறுத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் சின்ன விரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பியது.

போன மாதம் குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறினேன். ஓட்டிக்கொண்டிருந்தவர் அதே சாரதி, கண்ணாடிக்குள் என்னைக் கண்டுவிட்டார். நான் இறங்கப் போகும்போது பஸ் முழுக்கக் கேட்கச் சத்தமாகக் கேட்டார்.

"மிஸ்ஸி, இப்ப பைப்பை ஆர் பூட்டுறது?"

"முழங்கை, அண்ணை" என்றேன். தலையாட்டிவிட்டு, நாலு விரல் உள்ள இடது காலால் கிளச்சை மிதித்தார்.

அந்த ஒரு விரலைக் கொண்டுபோனது அவருடைய சீனியா, என்னுடைய கையா என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆனால் இன்றைக்கும் வீட்டுக் குழாயைப் பூட்டப் போகும்போதுகூட என் கை ஒரு கணம் நின்று, எல்லோரையும் பார்த்துத் திரிந்த நான் என்னைப் பார்க்காமல் விட்டதை நினைத்துக்கொள்கிறது.