எது நல்ல ரேம்

கொல்லங்கோட்டு வீட்டில் லினக்ஸ் போட்ட என் கணினி நினைத்தபோதெல்லாம் உறைந்து நின்றது. மவுஸ்கூட அசையாது. நினைவகத்தில்தான் கோளாறு என்று சந்தேகித்து, இரண்டு ரேம்களையும் கழற்றி ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதனை ஓட்டினேன். அரைநாள் போனது. ஒன்று தேறியது, மற்றொன்றுக்குத் திரை முழுக்கச் சிவப்பாகப் பிழைகள். இரண்டையும் மேசையில் தனித்தனியாக வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மேசை பளிச்சென்று இருந்தது.

"ஏனுங்க, அந்த ரெண்டு பச்சத் தகடையும் தொடச்சு ஒரே டப்பாவுல போட்டுட்டனுங்க," என்றாள் மனைவி.

"இனி எது நல்லதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"நீங்கதானுங்களே சோதிச்சீங்க?"

மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். தேறியதைக் கையில் எடுத்ததும், அவள் தன் நெற்றிப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டாள். அந்தப் பொட்டோடுதான் கணினி இன்றும் நிற்காமல் ஓடுகிறது.