துரைக்கு வந்த தபால்

எங்கள் பக்கத்து வீட்டுக் கதவின் நடுவில், இடுப்பு உயரத்தில், ஒரு பித்தளை மூடி இருக்கிறது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். தள்ளினால் உட்பக்கமாகத் திறக்கும். விட்டால் டக்கென்று மூடிக்கொள்ளும். டென்மார்க்கின் ஹேர்னிங்கில் எங்கள் தெருவில் வேறு எந்தக் கதவிலும் அப்படி ஒன்று கிடையாது. தேவையும் இல்லை. இங்கே தபால் பெட்டி வளவின் எல்லையில், தெருவோரமாக நிற்கும். தபால்காரர் அதில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இதை அந்த வீட்டுக்காரருக்கு எத்தனை பேர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை இடிக்கிறது. இங்கிலாந்திலிருந்து பழைய பத்திரிகையில் சுற்றிக் கொண்டுவந்த அந்த மூடியை, குடிவந்த மூன்றாம் நாளே, தூறல் மழையில் நனைந்தபடி, நல்ல கதவை அறுத்து அவர் பொருத்தினார். அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மாவும் அப்பாவும் நானும் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். "கடிதம் எண்டா வீட்டுக்குள்ள விழவேணுமாம்" என்றார் அப்பா, ஏதோ பெரிய தத்துவத்தைக் கேட்டு வந்தவர்போல. "விழும், விழும். காத்துத்தான் விழும்" என்றார் அம்மா. அம்மா சொன்னதுதான் நடந்தது. குளிர்காலம் வந்ததும் அந்த வீட்டுக்காரரே மூடிக்குள் பழைய கம்பளிக் காலுறை ஒன்றை அடைத்துவைத்தார்.

அவருக்குத் 'துரை' என்று பெயர் வைத்தது அப்பாதான். ஊரில், இலங்கையில், வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகளை அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய மனைவி துரைசானி. துரை காற்றாடி மின்சாரக் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். அலுவலகம் முழுக்க ஆங்கிலம். அவருடைய தங்கை குடும்பம் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருந்தது. அங்கே போவதா இங்கே வருவதா என்று யோசித்து, இதுதான் கிட்ட என்று இங்கே வந்தார்களாம். வந்தபிறகு, தங்கை வீட்டில் கிறிஸ்மஸுக்குக் கடற்கரையில் இறைச்சி சுடுகிறார்கள், அங்கே கடைக்காரர் முதல் வைத்தியர்வரை மனிதருக்கு விளங்கும் பாஷை பேசுகிறார்கள் என்று வேலிக்கு மேலால் ஒவ்வொரு ஞாயிறும் ஒப்பாரி. "அப்ப அங்கயே போயிருக்கலாமே. ஆர் இவரை மறிச்சது?" என்று அம்மா தமிழில் கேட்பார். அப்பா அதை மொழிபெயர்க்கமாட்டார். நானும் மாட்டேன்.

அப்பாவுக்கு அவரைக் கண்டால் ஏன் அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோஷம் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை அப்பா நல்ல உடுப்புப்போல மடித்து வைத்திருந்தார். திரைச்சீலைத் தொழிற்சாலையில் பத்து வருடமாகத் துணி வெட்டியவருக்கு அதை உடுத்திக்கொண்டு போக ஓரிடம் இல்லை. துரை வந்ததும் இடம் கிடைத்துவிட்டது. குப்பையை எந்தத் தொட்டியில் பிரித்துப் போடுவது, சனிக்கிழமை எத்தனை மணிவரை புல்லு வெட்டலாம், வீட்டுக்குள் ஏன் சப்பாத்தோடு நுழையக்கூடாது என்று எல்லாவற்றையும் அகதியாக வந்த அப்பா அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். துரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்கிலாந்தில் இப்படி இல்லை" என்பார். அப்பா ஏதோ தன் பிழைபோலத் தலையை ஆட்டுவார்.

அம்மாவும் துரையும் ஒரே டேனிஷ் வகுப்பில் நாலு கிழமை இருந்திருக்கிறார்கள். அம்மா தொழிற்சாலை வேலையோடும் எங்களோடும் மல்லுக்கட்டி, பத்து வருடம் கழித்துத்தான் ஒழுங்காக வகுப்புக்குப் போகத் தொடங்கியிருந்தார். துரை நாலாவது கிழமையோடு நின்றுவிட்டார். தேவைப்படவில்லையாம். அன்று வகுப்பால் வந்து கைப்பையை மேசையில் எறிந்துவிட்டு அம்மா சொன்னதை நான் மறக்கவில்லை: "உவர் வாயைத் திறந்தா ரீச்சர் முதல்கொண்டு எல்லாரும் இங்கிலீசுக்கு மாறீனம். நான் பத்து வருசமா வாயைத் திறக்கிறன். ஒருத்தரும் தமிழுக்கு மாறேல்லை." அம்மா இரண்டு மாரி பனியிலும் சைக்கிளில் போய்ப் படித்துச் சோதனை பாஸ் பண்ணினார். துரைக்கு 'நன்றி'யும் 'பியர்'உம் மட்டும் டேனிஷில் தெரியும். அவர்களுடைய மகள் மூன்று மாதத்தில் டேனிஷ் பிடித்துவிட்டாள். நாங்கள் இருவரும் வேலியடியில் டேனிஷில் கதைக்க, அவளுடைய அப்பாவும் என்னுடைய அப்பாவும் ஆங்கிலத்தில் கதைக்க, அம்மா நடுவில் நின்று உடுப்புக் காயப்போடுவார். அந்த மகளும் வளர்ந்து, கலியாணம் கட்டி, அத்தையிடம் ஆஸ்திரேலியாவுக்கே போய்விட்டாள்.

துரையின் டென்மார்க்கை நடத்தியது துரைசானி. அதிகம் பேசாத மனுசி. வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து, கிழவர்களிடம் டேனிஷ் பழகினார். தெருவோரத்தில் ஒரு பச்சைத் தபால் பெட்டியைச் சத்தமில்லாமல் வாங்கி நட்டார். அரசாங்கக் கடிதங்கள் எல்லாம் கணினிக்கு வரத் தொடங்கியபோது, தன்னுடையதையும் கணவருடையதையும் அவரே திறந்து, அவரே மறுமொழி போட்டார். துரைக்குக் கணினியில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது. பிறகு துரைசானிக்குப் புற்றுநோய் வந்தது. ஒரு ஒக்டோபரில் இந்த ஊர்ச் சேமக்காலையிலேயே அடக்கம் செய்தார்கள். துரை தினமும் பின்னேரம் அங்கே போய்வருவார். அதற்காக மட்டும் அவரை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதும், இங்கே இருந்த ஆங்கிலேயர் எல்லாரும் தொடர்ந்து தங்குவதற்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வந்தது. அப்பா செய்தியில் பார்த்துவிட்டார். நான் அப்போது இருந்த ஓகூஸ் நகரத்திலிருந்து வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, துரை எங்கள் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, விண்ணப்பம் போட்டாயிற்றா என்று அப்பா மெல்லக் கேட்டார். துரை சிரித்தார். "அது குடியேறிகளுக்கு, நண்பரே" என்றார். அப்பாவின் மேசையில் இருந்துகொண்டு, அம்மா பொரித்த ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். அவர் போனபிறகு, இனி அந்த மனிதருக்காக ஒரு வரி எழுதவும் என்னைக் கேட்கவேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா, "அவருக்குக் கடிதத்துக்குப் பயமில்லை பிள்ளை. பழக்கமில்லை" என்றார். உண்மைதான். எங்கள் வீட்டில் அரசாங்கக் கடிதம் ஒன்று வந்தால், அதைத் திறந்து முழுக்க விளங்கும்வரை ஒருவரும் சாப்பிடமாட்டோம். நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கிடைத்த ஒவ்வொரு தாளும் அப்பாவின் சிவப்புக் கோப்பில் இருந்தது. முதல் இரண்டும் மறுப்புக் கடிதங்கள்.

என் வைராக்கியம் பத்து மாதம் நின்றது. கடைசித் திகதி கடந்து ஒரு மாதத்தில், துரையின் வாகன அனுமதிப் பத்திரம் சம்பந்தமாக ஏதோ பார்க்கவேண்டும் என்று அப்பா கெஞ்சியதால் அவருடைய கணினிக்கு முன்னால் இருந்தேன். அரசாங்கக் கடிதங்கள் வந்து விழும் டிஜிட்டல் போஸ்டைத் திறந்தேன். துரைசானி செத்த நாளிலிருந்து வந்த ஒரு கடிதமும் திறக்கப்படவில்லை. விண்ணப்பியுங்கள் என்று ஒன்று. ஞாபகமூட்டல் ஒன்று. இன்னொரு ஞாபகமூட்டல். நான் வாசிக்க வாசிக்கத் துரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குக் கடிதம் ஒன்றும் வரவில்லை" என்றார். பித்தளை மூடியைக் காட்டி, "அதால் ஒன்றும் வரவில்லை" என்று இன்னொரு தரம் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது.

பிந்திய விண்ணப்பத்தை அவசரம் அவசரமாக அனுப்பினோம். மறுப்பு வந்தது: குறித்த நாளுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும். நான் அதை டேனிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி வாசித்தேன். துரை சேமக்காலைப் பக்கமாகத் திரும்பி, "அவளை இங்கே விட்டுவிட்டா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அம்மா, "இப்ப தெரியுமாம் கடிதம் எண்டா என்னெண்டு" என்றபடி அவருக்கும் சேர்த்து அரிசி போட்டார்.

அப்பா சிவப்புக் கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் துரையின் மேசையில் விரித்தார். தன்னுடைய முதல் மறுப்பை எடுத்து அவர் கையில் கொடுத்து, இதுக்குப் பிறகுதான் நான் முப்பது வருடம் இருக்கிறேன் என்றார். மேன்முறையீடு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் டேனிஷில் எழுத, அப்பாவும் துரையும் பக்கத்தில் இருந்து அதன் ஆங்கில வடிவத்தைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள். 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று தொடங்கவேண்டும் என்பது அப்பாவின் கட்சி. தாழ்மை எதற்கு என்பது துரையின் கட்சி. நாடு கடத்தப்படப் போகிற மனிதர் கேட்கிற கேள்வியா இது? இரண்டு பேரையும் வெளியே போய் நிற்கச் சொன்னேன். போய் நின்றார்கள்.

மாதக்கணக்காக ஒரு பதிலும் இல்லை. துரை மெலிந்துபோனார். சேமக்காலைக்குக் காலையும் பின்னேரமும் போகத் தொடங்கினார். அவரைப் போலப் பிந்தியவர்கள் நிறையப் பேர் இருந்ததால், கடைசியில் அரசாங்கம் விதியைத் தளர்த்தியது. ஒரு சனிக்கிழமை காலை, அப்பாவின் கணினியில் துரையின் பெட்டியைத் திறந்தபோது அனுமதி வந்திருந்தது. நான் தொலைபேசியை எடுத்தேன். அப்பா அதை வாங்கி வைத்துவிட்டு, "பிரிண்ட் எடு" என்றார். தாளை உறையில் போட்டு, துரையின் முழுப்பெயரையும் விலாசத்தையும் வடிவான எழுத்தில் எழுதி, மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கதவைத் தட்டிக் கையில குடுங்கோவன் அப்பா. அந்த மனுசன் நித்திரை இல்லாமல் கிடக்குது."

"அது அப்பிடித்தான் விழவேணும்" என்றார் அப்பா. பிறகு சப்பாத்து நூலைக் கட்டியபடியே சொன்னார்: "அந்த மனுசி அப்பிடித்தான் செய்தது. பச்சைப் பெட்டியில வாறதை எடுத்து, சத்தம் போடாமல் கதவடிக்குப் போய், உந்த ஓட்டையால போட்டிட்டுப் பின்பக்கத்தால வீட்டுக்குள்ள போகும். நான் எத்தனை நாள் யன்னலால பாத்தனான்."

அந்த வீட்டுக்கு அத்தனை வருடமும் கடிதம் விழுந்தது அப்படித்தான். எனக்குத் தெரியாது. துரைக்கும் தெரியாது என்றுதான் நினைத்தேன். அப்பா போய் உறையைப் போட்டார். நான் வேலியடியில் நின்று கேட்டேன்: டக். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. துரையின் கண் சிவந்திருந்தது, கையில் தாள். நன்றி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "இந்த வீட்டுக்கு மறுபடி தபால் வரத் தொடங்கியிருக்கிறது" என்றார் அப்பாவைப் பார்த்து. அவ்வளவுதான். அப்பா தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா தபால்காரர். பல் வைத்தியரின் ஞாபகமூட்டல், தண்ணீர்க் குழாய் திருத்துகிற அறிவித்தல், எது வந்தாலும் அச்செடுத்து, உறையிலிட்டு, பத்து மணிக்குக் கொண்டுபோய்ப் போடுவார். காலுறையைத் துரை வெள்ளி இரவே எடுத்துவிடுவாராம். நான் வாங்கிக்கொடுத்த அச்சுப்பொறி மை எல்லாம் அதில்தான் போயிற்று.

போன வருடம் மாரி முடிகிற நேரத்தில் அப்பா போய்விட்டார். இதயம். இந்த வருடம் நாட்டில் கடிதம் கொண்டுவந்து கொடுக்கும் பழைய தபால் சேவையும் நின்றுபோனது. தெருமுனையில் இருந்த சிவப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அம்மாவிடம் வருகிறேன். வந்தால் முதல் வேலை துரையின் தபால். எரிச்சல்தான். எண்பதை எட்டப்போகிற மனிதர், ஒரு பொத்தானை அமத்தப் பழகினால் என்ன?

போன சனிக்கிழமை நான் வந்தபோது, தெருவோரத்தில் எங்கள் பெட்டிக்குள் ஒரு உறை கிடந்தது. முத்திரை இல்லை. அம்மாவின் பெயர் மட்டும். பழக்கத்தில் நான் பிரிக்கப்போனேன். அம்மா வாங்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, யன்னலடிக் கதிரையில் இருந்து, வாய்க்குள் எழுத்துக்கூட்டி வாசித்தார். டேனிஷ். நாலு கிழமையோடு வகுப்பை விட்டவரின் டேனிஷ். 'உங்கள் கணவர் என் தபால்காரர். என் மனைவி மாதிரி. எனக்கு அது எப்போதும் தெரியும். அவரை நான் நினைக்கிறேன்.' அவ்வளவுதான். அப்பா போய் ஒரு வருடம் அதை எழுதுவதற்குச் செலவழித்திருக்கிறார். அம்மா இரண்டு தரம் வாசித்தார். நான் அழுதேன், அம்மா அழவில்லை.

"இருபது வருசத்துக்கு முந்தி வகுப்பில இருந்திருந்தா ஒரு நாளில எழுதியிருப்பார், விசர் மனுசன்" என்றார். நான் மறுமொழி எழுதப் பேனா எடுத்தேன். "நீ விடு. அவர் எனக்கெல்லோ எழுதினவர்." அம்மா தானே எழுதினார், தானே ஒட்டினார். என்ன எழுதினார் என்று கேட்டேன், சொல்லவில்லை. பதினொரு வயதிலிருந்து அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

துரையின் கடிதங்களோடு அம்மாவுடையதையும் சேர்த்துக் கொண்டுபோனேன். பித்தளை கறுத்துப்போயிருந்தது. தள்ளினேன், காலுறை இல்லை. ஒவ்வொன்றாக விழவிட்டேன், அம்மாவுடையதைக் கடைசியாக. மூடி டக்கென்றது. கதவுக்குப் பின்னாலேயே, காத்துக்கொண்டு நின்ற குரல், ஆங்கிலத்தில், "இன்றைக்குத் தபால் இருபது நிமிடம் பிந்திவிட்டது" என்றது.

வாயில் வந்த டேனிஷில் நல்லா ஏசினேன். உள்ளே துரை சிரிக்கிற சத்தம் கேட்டது.