ஐந்து மீட்டரில் உறைந்த லென்ஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் "ஒரு நிமிஷம்." கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் அவர் வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு லென்ஸின் வளையத்தை இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று திருப்பிக்கொண்டே இருப்பார். எதிரே சிரித்துக்கொண்டு நிற்பவர்களுக்குத் தாடை வலிக்கும். ஒருமுறை மனைவியை ஜன்னலோரம் நிற்க வைத்தார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அடுப்பை அணைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே நின்றாள். அப்போதும் அவர் "ஒரு நிமிஷம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

லென்ஸ்கள் மூன்று. லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியார், தன்னை உயிரோடு வெளியே எடுத்த நன்றிக்காகக் கொடுத்தவை. மூன்றும் முழு உலோகம், மூன்றும் மெக்கானிக்கைவிட வயதில் மூத்தவை. யாரோ பயன்படுத்திய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி, நடுவில் ஓர் இணைப்பு வளையத்தைப் போட்டு, அவற்றை மாட்டிக்கொண்டார். தானாக எதுவும் நடக்காது. தூரத்தையும் வெளிச்சத்தையும் கையால்தான் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பலில்தான் அவருக்கு உயிர். நன்றாகப் பராமரித்த லிஃப்ட் கதவு மூடுவதுபோல, சத்தமில்லாமல், வழவழவென்று போகும்.

துணி வெளுப்புக் கடை கவுண்டரில் வேலை பார்த்த மனைவி அவற்றைக் "குண்டுங்க" என்பாள். அதில் ஒன்று அவள் கால் கட்டைவிரலில் விழுந்த நாளிலிருந்து அந்தப் பெயர்.

அந்த ஊரில் குளிர்காலம் வந்தால் மீசையில் பனி கட்டும். வெளியே படம் எடுத்துவிட்டு லென்ஸை அப்படியே கதகதப்பான வீட்டுக்குள் கொண்டுவந்தால், குளியலறைக் கண்ணாடிபோல ஆவி படிந்துவிடும். ஒருமுறை பட்டதோடு மெக்கானிக் திருந்திவிட்டார். வெளியிலேயே லென்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை இறுகக் கட்டி, அதன் பிறகே உள்ளே கொண்டுவருவார். அது மெதுவாகச் சூடேறும்வரை யாரும் தொடக் கூடாது.

இந்த நிலையில் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உலகத்தில் எல்லோரும் தன் பக்கத்து சீட்டில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பதாகவே அவருக்கு நினைப்பு. கல்யாணத்துக்கென்று புத்தம்புதுக் கேமரா ஒன்றை வாங்கியிருந்தார்.

"மாப்பிள்ளை, இது ஆளோட கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். நீங்க கஷ்டப்பட வேணாம். சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

"சரிங்க மச்சான்" என்றார் மெக்கானிக். ஆனாலும் மனசு கேட்கவில்லை. முதல் நாள் மாலை, ஒரு குழுப் படத்துக்கு எவ்வளவு தூரம் சரியாக வரும் என்று தெருவில் நின்று பார்த்தார். தபால் பெட்டியை உறவினர் கூட்டமாக நினைத்து ஃபோகஸ் பிடித்தார். ஐந்து மீட்டர். லென்ஸை அதிலேயே விட்டு, பையில் கட்டி, சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த நேரத்தில்தான் மனைவி கடையிலிருந்து வாங்கிவந்த இறைச்சிப் பொட்டலங்களை ஃப்ரீஸரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேடையில் இன்னொரு பொட்டலம் இருந்தது. ஜில்லென்று, கனமாக, வாய் கட்டி இருந்தது. அதையும் உள்ளே தள்ளினாள்.

காலையில் குரல் கேட்டது. "என்னங்க, கோழிக்குப் பக்கத்துல உங்க குண்டு ஒண்ணு உட்கார்ந்திருக்கு!"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். மற்ற இரண்டில் ஒன்று தூரத்துப் பறவைகளுக்கானது. இன்னொன்றில் எண்ணெய் கசிந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் உள்ளிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வேறு வழியில்லை. பையைப் பிரிக்காமலே கோட்டுக்குள் செருகி, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பதிவு அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். லென்ஸ் வளையத்துக்குள் இறுகிப்போன கிரீஸ் உடம்புச் சூட்டிலாவது இளகட்டுமே என்று, மெக்கானிக் யாரும் பார்க்காத சமயத்தில் பையைச் சட்டைக்குள் நழுவவிட்டார். அதே நொடியில் பதிவாளர் கேட்டார்: "இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

"ஐயோ!" என்றார் மெக்கானிக்.

மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். பதிவாளர் பேனாவை மூடினார். "சொல்லுங்க சார். என்ன ஆட்சேபணை?"

"ஆட்சேபணை இல்லைங்க. வயித்துல... கொஞ்சம் ஜில்லுனு பட்டிடுச்சு."

மனைவி அவர் பக்கம் சாய்ந்தாள். அவர் சட்டைக்குள் கையைவிட்டுப் பையை உருவி, தன் கைப்பைக்குள் போட்டு, ஜன்னலோரமாகத் தள்ளி வைத்தாள். முன்வரிசையில் மணமகனின் அம்மா, பல் டாக்டர், உதடு பிரியாமல் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எந்தப் படத்திலும் பல் தெரியச் சிரித்ததில்லை என்று குடும்பத்தில் பேச்சு.

கையெழுத்து முடிந்ததும் அண்ணன் எல்லோரையும் வெளியே விரட்டினார். அலுவலகத்தின் அகலமான கல்படிகளில் ஒன்பது பேர் நிற்க வேண்டும், பின்னால் பனி தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். கேமராவைத் தூக்கினார். திரை ஒரு முறை மினுங்கி அணைந்தது.

"நேத்துதான் ஃபுல்லா சார்ஜ் பண்ணேன்!"

"கேமராவை எங்க வெச்சிருந்தீங்க மச்சான்?"

"கார்லதான். ராத்திரி முழுக்க."

குளிரில் பேட்டரி செத்துவிட்டது. ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்தார்கள். இரண்டு உடனே அணைந்தன. மூன்றாவது, படம் எடுக்கிற பொத்தானைத் தொட்டதும் அணைந்தது. எல்லாக் கண்களும் மெக்கானிக் பக்கம் திரும்பின.

அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலுறைக்குள்ளிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். "கதகதப்பா இருக்கட்டும்னு" என்றார், யாரும் கேட்காமலே. பல் டாக்டர் ஓர் அடி தள்ளி நின்றார்.

மனைவி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய லென்ஸைக் கேமராவில் மாட்டி, எல்லோரும் படத்துக்குள் வருவதற்காக மெக்கானிக் பின்னால் நகர்ந்தார். தெருவைச் சுத்தம் செய்து ஓரமாகக் குவித்திருந்த பனிமேட்டுக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டார். காலை உருவ முடியவில்லை. சரி, இங்கிருந்தே எடுப்போம் என்று வளையத்தைத் திருப்பினார். அது அசையவில்லை. கையுறையைக் கழற்றித் திருப்பினார். விரல்தான் உலோகத்தில் ஒட்டியது. ஐந்து மீட்டரில் லென்ஸ் உறைந்து நின்றது, பனியில் அவர் உறைந்து நின்றார்.

நகரக்கூடியவர்கள் எதிரே இருந்த ஒன்பது பேர் மட்டும்தான்.

"ஒரு நிமிஷம்... எல்லாரும் ஒரு மாடி மேல போங்க!"

"மாடியா?" என்றான் மணமகன்.

"படி, படி! ஒரு படி மேல!"

ஒன்பது பேரும் ஏறினார்கள். மெக்கானிக்கின் மூச்சு லென்ஸ் கண்ணாடியில் படிந்து எல்லாமே பாலாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தார். "அதிகமாயிடுச்சு. கீழ வாங்க... நில்லுங்க. லெவல் சரியில்லை. மறுபடியும் மேல."

"மாமா, எனக்குக் கால் விறைச்சுப் போச்சு" என்றாள் மணப்பெண்.

"நீங்க ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க கண்ணு. பின்வரிசை மட்டும் மேல!"

இதையெல்லாம் அண்ணனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பொறுப்பைக் கையில் எடுத்தார். "எல்லாரும் என்னைப் பாருங்க! மெதுவா, நேரா, அப்படியே பின்னாடி..." என்று சொல்லிக்கொண்டே தானும் பின்னோக்கிக் காலை வைத்தார்.

"அண்ணே, ரிவர்ஸ் போறப்ப பின்னாடி பாருங்க!" என்று அவர் தங்கை கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் மேல்படியில் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு கால்களும் ஆகாயத்தில் எழும்பின. மெக்கானிக்கின் மரத்துப்போன விரல் அந்த நேரம் பார்த்து அழுந்த, கேமரா 'க்ளிக்' என்றது.

அடுத்த நாள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார் மெக்கானிக். ஏழு படம் எடுத்திருந்தார். ஆறும் மூடுபனி. ஏழாவதில் மணமக்கள் சற்றுக் கலங்கலாக இருந்தார்கள். ஆனால் பின்வரிசை, அடேயப்பா! அண்ணனின் ஷூ அடிப்பாகத்தில் நாற்பத்திரண்டு என்ற அளவு தெளிவாகப் படிக்க முடிந்தது. அதற்குப் பக்கத்தில் பல் டாக்டர் வாயைப் பிளந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று இன்னொன்றின்மேல் குறுக்காக ஏறியிருந்தது, தனித்தனியாக எண்ணலாம்போல.

"அழிச்சிடுங்க!" என்றார் அண்ணன் போனில். "சம்பந்தியம்மா பாத்தா உறவே போச்சு!"

அழிக்க மனம் வரவில்லை. அந்த லென்ஸ் இவ்வளவு கூர்மையாக எடுத்த படம் வேறில்லை. மறைத்து வைக்கவும் பிடிக்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, ஒரு பிரதி எடுத்துக்கொண்டு நேராகப் பல் டாக்டரின் கிளினிக்குக்கே போனார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டரம்மா. நான் மணமக்களைத்தான் எடுக்கப் பாத்தேன்."

அவர் படத்தை விளக்கடியில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நாக்கால் அந்தப் பல்லைத் தடவிக்கொள்வது கன்னத்தில் தெரிந்தது.

"நான் இப்படியா சிரிக்கறேன்?"

"ஆமாங்க."

"எங்க அம்மா இப்படித்தான் சிரிப்பாங்க" என்றார். "இதைப் பெருசா போட்டுக் குடுப்பீங்களா? சுவர்ல மாட்டற அளவுக்கு."

காத்திருக்கும் அறையில், நாற்காலிகளுக்கு எதிரே அதை மாட்டினார்கள். ஊசிக்குப் பயந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள், அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சிரித்த வாயோடு உள்ளே போகத் தொடங்கினார்கள். மணப்பெண் வந்து பார்த்துவிட்டு, "எங்க கல்யாணப் படத்துல எங்களைத் தவிர எல்லாம் தெரியுது மாமா" என்றாள். ஆனாலும் தன் வீட்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் மெக்கானிக்கோடு இரண்டு மாதம் பேசவில்லை. அதற்குள் அவருக்கே கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. சம்பந்தியம்மாவிடம் போகாமல் வேறெங்கே போவது? காத்திருக்கும் அறையில் படத்திலிருந்த தன் ஷூ அடிப்பாகத்துக்கு எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் படத்தைக் காட்டி, "எந்த கேமராவோ தெரியல, நூல் நூலா தெரியுது பாருங்க" என்று வியந்தார். அண்ணன் தலையை ஆட்டிவைத்தார்.

அன்று மாலை மெக்கானிக் வீட்டு போன் அடித்தது. மனைவிதான் எடுத்தாள். சற்று நேரம் கேட்டுவிட்டு, போனின் வாயைப் பொத்திக்கொண்டு கணவரிடம் நீட்டினாள்.

"மாப்பிழ்ழை," என்றது மரத்துப்போன அரை வாய். "அந்த மாதிழி பழைய லென்ழு... எனக்கும் ஒண்ணு பாழ்த்து வைங்க."

"யாருங்க, அண்ணனா? குடிச்சிருக்காரா?" என்று கிசுகிசுத்தாள் மனைவி.

மெக்கானிக் கையமர்த்திவிட்டு, "சரிங்க மச்சான், பாத்து வைக்கறேன்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, லென்ஸில் எந்த கிரீஸ் போட வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தார்.