அக்கரையில் நின்ற புள்ளி

பிற்பகல் மூன்று முப்பத்தைந்துக்கு என் மகனின் கோடு படுத்துவிட்டது.

அவன் கல்லூரியில் சேர்ந்தபோது போட்ட ஒப்பந்தம் அது. "போன் பண்ணிப் பண்ணி பேஜார் பண்ணாதம்மா. நான் எங்க கீறன்னு உன் கம்ப்யூட்டருக்கே வந்துகினு இருக்கும். கோடு போட்டுப் பாத்துக்கோ."

ராயபுரத்தில், கடலின் ஆழமும் மட்டமும் அளக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் எனக்கு வேலை. கருவி அனுப்பும் எண்களைக் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை தட்டி வரைபடமாக்குவேன். அதே கட்டளையில் கோப்பின் பெயரை மாற்றினால் மகன் வருவான். கீழே நேரம், பக்கவாட்டில் வீட்டிலிருந்து அவன் போன் இருக்கும் தூரம். காலையில் கோடு ஏறும், பகலெல்லாம் படுத்திருக்கும், மாலையில் இறங்கும்.

"பையன கிராஃப் போட்டே வளக்குறீங்க மேடம்" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

கோடு படுத்திருந்தால் வகுப்பிலோ கேன்டீனிலோ இருக்கிறான். அதைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அன்று கோடு படுத்தது கல்லூரியின் தூரத்தில் அல்ல. இருக்கும் இடத்தைப் புள்ளியாக வரைந்து பார்த்தேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரையில், வெறும் மணல்மேட்டில் நின்றது.

நண்பர்களோடு போய் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். பிறகு, வேலைப் பழக்கத்தில், அன்றைய கடல்மட்டத்தையும் அதே படத்தில் சேர்த்துத் தட்டினேன். அந்தக் கோடு சரிந்துகொண்டிருந்தது. கழிமுகத்துத் தண்ணீர் அத்தனையும் குறுகலான வாய் வழியாகக் கடலுக்கு ஓடும் நேரம். குளிக்க இறங்குபவன் போனை மணலில்தானே வைத்துவிட்டுப் போவான்?

ஒப்பந்தத்தை மீறி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

முகத்துவாரத்தின் இக்கரையில், நெட்டுக்குப்பத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது கரையில் கூட்டம். வலையை உதறிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"மூணு பசங்க, எம்மா. அந்தாண்ட பையும் துணியும் மட்டும் கீது. ரெண்டு பேர இட்டாந்துட்டோம். ஒருத்தன தண்ணி இஸ்துகினு போய்ச்சு. எங்க போட்டு ஒண்ணு தேடிகினு கீது."

அந்த இருவரும் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முகங்களையும் பார்த்தேன். அவன் இல்லை. ஒருவன் என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது, என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரர் அழைத்தார். "பயப்படாதீங்க மேடம். புள்ளி அங்கேயேதான் இருக்கு, கொஞ்சம்கூட நகரல."

நல்ல மனிதர். ஆறுதல் சொல்லத்தான் அழைத்தார். இன்றும் அலுவலகத்தில் ஒரு கோடு அசையாமல் கிடந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.

அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் இறங்கியபோது படகு வந்தது. அதில் அவன் ஒருக்களித்துக் கிடந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. படகிலிருந்து குதித்தவர், இவன் அம்மா யார் என்று கேட்டார். கையைத் தூக்கினேன்.

"மெதவைல மாட்டிகினு கெடந்தான், மூச்சு கீது. கண்ணுதான் தொறக்கல. வண்டிய வரச் சொல்லு, சீக்கிரம். போனு அந்தாண்டயே கெடக்குது எம்மா, அத்த அப்பால பாத்துக்கலாம்."