ஊர் வாடை இங்கிலீஷ்

அந்தப் பயிற்சி மாஸ்டரை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கென்யாவில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் வழியாக முகம் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காக, ராஜபாளையத்தில் நான் படித்த பள்ளிக்கூடம் அவரை மதுரையிலிருந்து வரவழைத்திருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டு மூக்கால் பேசிப் பழக வேண்டும். அப்போதுதான் வெள்ளைக்காரன் இங்கிலீஷ் வருமாம். பேசப் போவது கென்யாக்காரர்களிடம் என்பது அவருக்கு ஞாபகமே இல்லை. ஐந்தாம் வகுப்பில் என்னை விட்டால் வாயாடி கிடையாது. ஆனால் மூக்கு ஒத்துழைக்கவில்லை. "உன் இங்கிலீஷ்ல ஊர் வாடை அடிக்குது" என்று என்னைப் பேனர் பிடிக்க நிறுத்திவிட்டார். வீட்டில் அழுது தீர்த்தேன்.

என் சித்தி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரி ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். உலகம் பூராவும் பரவிவிட்ட அந்த மொழியை நம் பக்கத்தில் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். அதற்காகவே, கென்யாப் பிள்ளைகளோடு பேசும் நாளன்று அனுமதி வாங்கி, ரெக்கார்டரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக மூக்கால் பேசினார்கள். திரையில் கென்யாப் பிள்ளைகள் முழித்தார்கள். அவர்களுடைய டீச்சர் பாவம், திரும்பச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். லைன் சரியில்லை என்றார் மாஸ்டர்.

"லைன் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சித்தி எழுந்தாள். "ஏட்டி, பேனரக் கீழ போடு. நீ போயிப் பேசு."

மாஸ்டர் கையை நீட்டி என்னை மறித்தார். "ஸ்கூல் மானம் போயிரும் மேடம்."

"போனாப் போகுது."

எனக்கு அது போதாதா? அவர் கைக்கு அடியில் குனிந்து ஓடினேன். சித்தி வாங்கி வந்த பால்கோவாவை எங்கள் வீட்டு நாய் டப்பாவோடு கவ்விக்கொண்டு ஓடிய கதையை, வாடை கொஞ்சமும் குறையாமல் சொன்னேன். சிரிக்க வேண்டிய இடத்திலெல்லாம் சிரித்தார்கள். நாய்க்கு அடி விழுந்ததா என்று ஒரு பையன் கேட்டான். மாஸ்டரைப் பார்த்துக்கொண்டே இன்னும் சத்தமாகப் பதில் சொன்னேன்.

திரும்பும்போது ஆட்டோவில் சித்தி ரெக்கார்டரைக் காதில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எதுக்கு சித்தி அழுத?"

"போன மாசம் மெட்ராசுக்கு வேலை கேட்டுப் போனேம்லா, அங்கயும் ஊர் வாடைன்னுதான் சொன்னாவ. சரின்னு திரும்பி வந்துட்டேன். இனிமே அப்படித் திரும்பி வர மாட்டேன்."

"நீயும் கைக்கு அடியில குனிஞ்சு ஓடியிருக்கலாம்ல?" என்றேன்.

பெரியவர்களை மறிக்கிறவர்கள் கையை நீட்டுவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.