இடது மூலையில் நின்றவரை அக்கா எழுதிய நாள்

அக்கா உறையூரில் பிறந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அப்பா காலமானபோது எனக்கு எட்டு வயது. அக்கா கல்லூரியில் தமிழ் முதலாம் ஆண்டு. காலையும் மாலையும் டியூஷன் எடுத்தபடியே படிப்பை முடித்தார். முடித்த கையோடு திருச்சியில் ஒரு மாலை நாளிதழில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தார். நானும் அம்மாவும் அவரை நம்பித்தான் இருந்தோம்.

அவர் விளையாட்டு நிருபரான கதையை உறவினர்கள் பலவிதமாகச் சொல்வார்கள். அக்கா என்னிடம் சொன்னது வேறு. "நான் போனப்புறம் வேணா எழுதிக்கோ" என்று அனுமதி தந்திருந்தார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. பொங்கலை ஒட்டி மருங்காபுரிப் பக்கத்து ஊர் ஒன்றில் கபடிப் போட்டி. வழக்கமாகப் போகும் நிருபர் காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தார். வேறு ஆள் இல்லாமல் ஆசிரியர் தவித்தபோது, அக்கா எழுந்து தான் போவதாகச் சொல்லியிருக்கிறார். கபடியைப் பற்றி என்ன தெரியும் என்று ஆசிரியர் கேட்டாராம். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் என்பது மட்டும் தெரியும் என்றாராம் அக்கா. அவர் சிரித்துவிட்டு அனுப்பி வைத்தார்.

ஞாயிறு மதியம் வெயிலில் ஆட்டம். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அக்காவும் உட்கார்ந்து, நோட்டில் ஒவ்வொரு வீரரின் எண்ணையும் குறித்துக்கொண்டார். எதிரணிக் களத்துக்குள் யார் பாடிப் போனார், எந்தப் பக்கம் போனார், யார் பிடித்தார் என்று ஒன்று விடாமல் எழுதினார். உள்ளூர் அணியில் ஏழாம் எண் சட்டைக்காரர் மட்டும் பாடவே போகவில்லை. இடது மூலையில், கூட்டத்துக்கு முதுகு காட்டி, லேசாகக் குனிந்து நின்றுகொண்டே இருந்தார். அக்கா ஆட்களை எண்ணிப் பார்த்தார். எட்டு வந்தது. மறுபடி எண்ணினார். எட்டுதான்.

நடுவரைக் கேட்டிருக்கலாம். முதல் நாளே ஆள் எண்ணத் தெரியாதவள் என்று சிரிப்பார்களோ என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த வயதான அம்மாவிடம் மட்டும், இடது மூலையில் நிற்கும் ஏழாம் எண்காரரின் பெயர் என்ன என்று கேட்டார். அந்த அம்மா களத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தையே வெகு நேரம் பார்த்தார்.

"ஏழா?"

"ஆமாங்கம்மா."

"செல்வராசு" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மாலை செய்தி வந்தது. 'ஏழாம் எண் வீரர் செல்வராசு ஒருமுறைகூடப் பாடிச் செல்லாமல், இடது மூலையைக் கடைசி வரை காத்து நின்றார்' என்று அதில் ஒரு வரி.

அதற்கு அடுத்த நாள் காலையில் அணியின் செயலாளர் ஆசிரியருக்குப் போன் செய்தார். செல்வராசு தீபாவளிக்கு முன்பே லாரி மோதி இறந்துவிட்டார். அவருடைய ஏழாம் எண்ணை அணி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. உங்கள் ஆள் ஊருக்கே வராமல், பழைய பெயர்ப் பட்டியலை வைத்து எழுதிவிட்டார் என்று அவர் கோபப்பட்டார்.

அக்கா பஸ் டிக்கெட்டையும் நோட்டையும் எடுத்து ஆசிரியரின் மேஜையில் வைத்தார். ஆசிரியர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எதிரணியிலிருந்து பாடி வந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது. நாற்பது நிமிட ஆட்டத்தில் ஒருவர்கூட இடது மூலைப் பக்கம் போகவில்லை. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை மூடினாராம். இருந்தாலும் வருத்தம் தெரிவித்து ஒரு திருத்தம் போட்டாக வேண்டும், நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார். அந்தத் திருத்தத்தை எழுதிப் பிழை பார்க்க வேண்டியவரும் அக்காதான். எழுதும்போது ஒரே வரியில் மூன்று பிழை விட்டேன் என்றார். வேலை போகிற பயமா, மற்ற பயமா என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

நண்பகலில் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஆசிரியர் எதிரே உட்கார்ந்தார். செல்வராசுவின் தாய் அவர்தான்.

"நான் சொன்ன பேரைத்தாங்க இந்தப் பொண்ணு எழுதுச்சு. மறுப்பு எதுவும் போடாதீங்க. டீம் ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

அவரும் மகனைப் பார்த்தாரா என்று ஆசிரியர் தயங்கிக் கேட்டார்.

"நான் பாக்கலைங்க. என் கண்ணுக்கு ஏழு பேருதான் தெரிஞ்சாங்க."

பையைத் திறந்து மடித்த சட்டை ஒன்றை மேஜையில் வைத்தார். எண் ஏழு. இறுதிச் சடங்குக்குப் பிறகு அது வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றார். அறையில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"முகம் எப்படிப் பாப்பா இருந்துச்சு? வலி கிலி இருந்த மாதிரி தெரிஞ்சுதா?"

"இல்லைங்கம்மா. சிரிச்சுக்கிட்டுதான் நின்னாரு."

அந்த அம்மா தலையாட்டினார். சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, மதிய பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

திருத்தம் அச்சாகவில்லை. ஆசிரியர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, வருகிற ஞாயிறு ஹாக்கிப் போட்டி இருக்கிறது, போய் வாருங்கள், ஆளை எண்ணிவிட்டு எழுதுங்கள் என்றார். அக்கா விளையாட்டு நிருபரானது அன்றைக்குத்தான்.

பல ஆண்டுகள் கழித்து அவர் என்னிடம் சொன்னார்: "நான் அவர் முகத்தைப் பாக்கவே இல்லைடா. கடைசி வரைக்கும் முதுகு காட்டியேதான் நின்னாரு. அந்தம்மா கேட்டப்ப வாய் தானா சொல்லிடுச்சு." செய்தியில் அவர் ஒரு நாளும் பொய் எழுதியதில்லை. வாயால் சொன்ன அந்த ஒரு பொய்யை நினைத்து அவர் வருந்தியதும் இல்லை.

அதன் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். பெண்பிள்ளைக்கு மைதானத்தில் என்ன வேலை என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். கழிப்பறை இல்லாத மைதானங்களில் தண்ணீர் குடிக்காமல் பகல் முழுவதும் இருந்தார். திருவெள்ளறை வயலோரத்தில் நடக்கும் கைப்பந்துப் போட்டிக்கும் பெரிய ஸ்டேடியத்துக்கும் ஒரே அக்கறையோடு போனார். வெளியே தெரியாத வீராங்கனைகளின் பெயர்களை இனிஷியலோடு சரியாக அச்சேற்றினார். ஆட்டம் தொடங்குமுன் உதடு அசைய ஆட்களை எண்ணுவார். சில நாட்களில் எண்ணி முடித்த பிறகும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அம்மா போன பிறகு ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கே வந்து இருந்தார். கடைசி நான்கு மாதம் சிறுநீரகக் கோளாறால் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் தூக்கத்திலேயே பிரிந்தார்.

இரத்தம் கொடுத்த அலுவலக நண்பர்களுக்கும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குத் தன் ஆட்டோவில் அழைத்துச் சென்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும், பத்தியச் சாப்பாடு சமைத்துத் தந்த பக்கத்து வீட்டு மாமிக்கும், இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் ஒரு கூட்டத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியத்தன்று, அக்கா செய்தி எழுதிவந்த ஹாக்கி அணிப் பெண்கள் பதினோரு பேர் போட்டி முடிந்த கையோடு, சேறு படிந்த உடையிலேயே டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாங்கள் எல்லோரும் அக்காவின் படத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவர்களில் மூத்தவள் படத்தின் முன் வந்து நின்றாள்.

"தோத்துட்டோம்க்கா. ரெண்டுக்கு ஒண்ணு" என்றாள்.

அவள் லேசாகத் தலையைச் சாய்த்து, எதையோ காதில் வாங்குகிறவளைப் போலச் சற்று நேரம் நின்றாள். பிறகு, "இல்லைக்கா, கடைசி அஞ்சு நிமிஷத்துலதான்" என்றாள்.

எங்களில் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் நன்றி.